வலப்பக்கச் சீற்

இரவு பதினொரு மணி இருக்கும். நெவாடாப் பாலைவனத்துக்கு நடுவே, நூல் பிடித்துப் போட்டது போல ஒரு றோட்டு. முன்னுக்கு வெளிச்சம் இல்லை... பின்னுக்கும் இல்லை. ஒரு சின்ன வெள்ளைக் கார். அதற்குள் ஒரு பெண், தனியாக.

தனியாகத்தான் வெளிக்கிட்டாள்.

கிட்ட வந்து இருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. தோரணம் பின்னுகிறவர்களின் கை தன்பாட்டில் பின்னட்டும். விடிந்தால் தாலி கட்டுகிற வீட்டில் இந்தக் கதையைச் சொல்லக்கூடாதுதான்... கலியாணப் பொம்பிளை படுத்துவிட்டாளா? அந்த அறைக் கதவை ஒருக்கால் சாத்துங்கள்.

என்னோடு வேலை செய்கிற தாரிகாவைத் தெரியும்தானே. அவளுடைய பெரியம்மாவின் மகளுக்கு நடந்தது இது. பெயர் உதயகலா. லண்டனில் வயோதிபர் இல்லம் ஒன்றில் தாதி. வயது நாற்பத்தைந்து. கலியாணம் கட்டவில்லை. சண்டைக் காலத்தில் ஷெல் விழுந்து தாயும் தகப்பனும் ஒரே நாளில் போய்விட்டார்கள். தாரிகாவின் குடும்பம் அப்போது வன்னியில். அந்தப் பிள்ளையைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவர் பூரணம். பள்ளிக்கூடத் தோழி தயாளினியின் தாய்.

அவர்கள் தெல்லிப்பழை ஆட்கள். இடம்பெயர்ந்து, இங்கே சாவகச்சேரிப் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். இருக்கிற சோற்றைக் குழைத்து, ஒரே கோப்பையில் இருந்து இரண்டு பெட்டைகளுக்கும் உருட்டிக் கொடுத்தவர் பூரணம். வெந்தயம் போட்டுக் காய்ச்சின எண்ணெயை இரண்டு தலைக்கும் தேய்த்து, இரண்டு பேரையும் ஒரே பாயில் படுக்க விட்டவர். உதயகலா அவரை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவாள்.

பிறகு ஒருத்தி லண்டன் போனாள். மற்றவள் கலியாணம் கட்டி அமெரிக்கா போனாள். தயாளினியின் புருஷன் சிவகரன் எஞ்சினியர். பாலைவனத்தில் வெயிலில் இருந்து மின்சாரம் எடுக்கிற இடத்தில் வேலை. ஆறு வயதில் ஒரு மகள், மாயூரி.

இரண்டு பேரும் வருஷக்கணக்காக நேரில் காணவில்லை. போனில் மட்டும் கதை. எப்போது கதைத்தாலும் தயாளினி "வாடி, வாடி" என்பாள். உதயகலா "பாப்பம்" என்பாள்.

போன வருஷம் தயாளினியின் நம்பரில் இருந்து ஒரு மெசேஜ் வந்தது.

"உடனை வா. உன்னைப் பாக்கோணும் போலை கிடக்கு."

உதயகலா போன் எடுத்துப் பார்த்தாள். மணி போனது; எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பதில் எழுத்தில் வந்தது. "தொண்டை அடைச்சுப் போச்சு. கதைக்கேலாது. நீ வா."

அவள் லீவு போட்டாள். வேறு யாருக்காக லீவு எடுக்கப் போகிறாள்? பிள்ளைக்கு உடுப்பும் சொக்கிலேற்றும் வாங்கிக்கொண்டு பிளேன் ஏறினாள். இறங்கின கையோடு அடுத்த மெசேஜ். "மாயூரிக்குக் காய்ச்சல், எயாப்போட்டுக்கு வரேலாது. ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வா. பகலிலை வெயில் கூட... பொழுதுபட வெளிக்கிடு."

அமெரிக்காவைப் பற்றி அவள் தாரிகாவுக்குச் சொன்னதைக் கேட்டால் சிரிப்பு வரும். முன்பின் தெரியாதவர்கள் எல்லாரும் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டார்களாம். பதில் சொல்ல வாய் திறக்க முதல் அங்காலே போய்விட்டார்களாம். சின்னக் கோப்பி ஒன்று கேட்டாளாம். துலாவில் கட்டுகிற வாளி போல ஒன்றைத் தூக்கித் தந்தார்களாம். காரில் ஏறப் போய், லண்டன் பழக்கத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்து குந்திவிட்டாள். முன்னுக்கு ஸ்டியரிங்கைக் காணவில்லை. வாடகைக் காரைக் காட்ட வந்த பெடியன் வாயைப் பொத்திக்கொண்டு, "இங்கிலாந்தா?" என்று கேட்டான்.

அந்த நாட்டில் எல்லாம் மறுபக்கம்தானே. நாங்களும் லண்டன்காரரும் இடப்பக்கம் ஓடுகிறோம், அவர்கள் வலப்பக்கம். கியரைத் தேடி அவளுடைய இடது கை ஒவ்வொரு முறையும் கதவில் போய் இடித்தது. சிவப்பு லைற்றுக்கு நின்றாள். பின்னால் நின்றவன் ஹோன் அடித்தான். சிவப்பு எரிந்தாலும் வலப்பக்கம் திரும்பலாமாம். ஒரு சந்தியில் நாலு பக்கமும் 'நில்' என்று பலகை. நாலு காரும் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன... பந்தியில் முதல் யார் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி. நடு றோட்டு மஞ்சள் கோடு எப்போதும் தன் இடது முழங்கைப் பக்கம் வரவேண்டும். அதை மட்டும் மந்திரம் போலச் சொல்லிக்கொண்டே ஓடினாள். "மஞ்சள் இடப்பக்கம்... மஞ்சள் இடப்பக்கம்..."

பட்டணம் முடிந்தது. வீடுகள் முடிந்தன. பிறகு ஒன்றுமே இல்லை. ஆனையிறவு வெளியை இரவில் கடந்திருப்பீர்கள். அதைப் போல நூறு ஆனையிறவை வரிசையாக அடுக்கி, உப்புக் காற்றையும் எடுத்துவிட்டால்... அது. போனில் சிக்னல் போய்விட்டது. றோட்டு நேரே போனதால் வழி தவற இடமில்லை.

ஒரு வளைவு வந்தது. அவ்வளவு நேரத்துக்கு அந்த ஒரு வளைவுதான். கரையில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டை நட்டு, பிளாஸ்டிக் பூ கட்டியிருந்தது. றோட்டில் செத்தவர்களுக்கு அங்கே அப்படி வைப்பார்கள். கார் லைற்றில் பூ புதிதாகத் தெரிந்தது. கடந்து போனாள்.

டிங்.

டிங்... டிங்... டிங்...

பக்கத்துச் சீற்றில் ஆள் இருந்து பெல்ற் போடாவிட்டால் கார் அப்படிச் சத்தம் போடும். அவள் பார்த்தாள். சீற்றில் ஒன்றும் இல்லை. கைப்பை பின் சீற்றில் கிடந்தது. சென்சர் பழுது போல, புதுக் காரே இப்படி என்று நினைத்தாள்.

டிங்... டிங்... டிங்...

நிற்பாட்டவும் பயம். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை நீட்டி, வெறும் சீற்றுக்குக் குறுக்கே பெல்ற்றை இழுத்தாள். சும்மா இழுத்தால் தளர்ந்து கிடக்க வேண்டும்தானே? கிடக்கவில்லை. எதிலோ பட்டு வளைந்து வந்தது. கொழுவினாள்.

சத்தம் நின்றுவிட்டது.

பிறகுதான் மணம் வந்தது. அவள் தாதி, இரத்த மணம் தெரியும். இரத்தமும் பெற்றோலும்... அதற்கும் கீழே, மெல்லிதாக, வெந்தயம் போட்டுக் காய்ச்சின எண்ணெய்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பவில்லை என்றுதான் சொன்னாள். பக்கத்தில் மூச்சு கேட்டது. சளி அடைத்த மூச்சு. பிறகு குரல். போனில் கேட்கிற தயாளினியின் குரல் இல்லை. சின்ன வயதில் ஒரே பாயில் படுத்துக்கொண்டு, காதுக்குள் குசுகுசுக்கிற குரல்.

"இடப்பக்கம் எடடி."

"மஞ்சள் இடப்பக்கம்..." என்று உதயகலா முணுமுணுத்தாள்.

"நாங்கள் இடப்பக்கம்தானேயடி ஓடுறனாங்கள்... எடு."

அதுதான் கொடுமை. அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குப் பயம் போய்விட்டது. பொழுதுபட்டதில் இருந்து ஒவ்வொரு நரம்பையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தில் ஓடி வந்தவள். எடுத்தாள். மஞ்சள் கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போனாள். உடம்பு முழுக்க இளகிவிட்டது... வீட்டுக்கு வந்து சேர்ந்தது மாதிரி.

அந்த இளக்கத்தில்தான் கண்ணுக்கு முன்னால் இரண்டு லைற் வந்தது. லொறி. அங்கத்தைய லொறி எங்களுடைய வீடுகளை விடப் பெரிது. ஹோன் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. எப்படி வெட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. வலப்பக்கம் வெட்டினாள். லொறி இடப்பக்கத்தால் உரசிக்கொண்டு போனது. கண்ணாடி முறிந்து பறந்தது. கார் மண்ணுக்குள் இறங்கி நின்றது.

இருட்டு. எஞ்சின் கொதிக்கிற சத்தம் மட்டும்.

அந்த அமைதிக்குள், பக்கத்துச் சீற்றில் இருந்து... "ச்சு."

கொக்கான் விளையாடும்போது கல் தவறினால் தயாளினி அப்படித்தான் சூள் கொட்டுவாள்.

இறங்கி ஓட இடமில்லை. சுற்றிவரப் பாலைவனம். அவள் காரை எடுத்தாள். எடுத்த வாய் மூடாமல் தேவாரம் சொல்லிக்கொண்டே மிச்ச வழியும் ஓடினாள். ஊர் வந்தது. வீடு வந்தது. வாசல் லைற் எரிந்தது. யாரோ விழித்திருந்து பார்த்துக்கொண்டிருந்த வீடு.

மணி அடிக்க முதலே சிவகரன் கதவைத் திறந்தான். சங்கிலி கழற்றாமல், ஒரு சாணளவுக்குத்தான். அவளைக் கண்டதும் அவன் முகத்தில் சந்தோசம் இல்லை. 'நீ எப்படி வந்தாய்' என்கிற பார்வை. பிறகு அவளுடைய தோளுக்கு மேலால் காரைப் பார்த்தான்.

"தனியவோ வந்தனீங்கள்?"

"தயா எங்கை?" என்று கேட்டாள் உதயகலா.

அவன் காலுக்குப் பின்னால் மாயூரி வந்து நின்றது. காய்ச்சல் ஒன்றும் இல்லை. பிள்ளை காரைப் பார்த்து, விரலை மடக்கி மடக்கிக் கை காட்டியது. ராற்றா சொல்கிற மாதிரி. சிவகரன் அதன் கண்ணைப் பொத்தினான்.

"அவ போய் மூண்டு கிழமையாச்சு, அக்கா. அந்த வளைவிலைதான். பிள்ளையும் காருக்குள்ளை இருந்தது... பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை." அவன் அழுதுகொண்டு சொன்னான். "சனிக்கிழமை, அக்கா."

உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சனிப்பிணம் தனிப்போகாது. எங்கள் ஊர் என்றால் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டிவிடுவோம்; துணை கிடைத்துவிட்டது என்று போய்விடும். அங்கே அதற்கு எங்கே போவது? பெட்டியில் வைத்து, பட்டனை அமத்தி எரித்துவிட்டார்கள்.

"இரவிரவாப் பிள்ளை அலுமாரியோடை கதைக்குது. அம்மா கூப்பிடுறா, தன்னோடை வரட்டாம் எண்டு சொல்லுது. எனக்கு வேறை வழி தெரியேல்லை... மாமி சொன்னபடிதான் செய்தனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அப்ப அந்த மெசேஜ்..."

கதவு மூடப்பட்டது. பூட்டுகிற சத்தம். பிறகு வாசல் லைற்றும் அணைந்தது.

உடுப்பும் சொக்கிலேற்றும் கையில். உதயகலா அந்த இருட்டில் கனநேரம் நின்றாள். குளிர். பிறகு போய்க் காருக்குள்தான் ஏறினாள். வேறு எங்கே போவது? பக்கத்தில் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏனடி என்னை?" என்று கேட்டாள்.

மூச்சு ஒருக்கால் நின்றது. பிறகு...

"பிள்ளையைத்தான் கேட்டனான். தரேல்லை. உன்னைத் தந்தவை."

"ஆர் தந்தது?"

"அம்மா."

அன்றைக்குத்தான், தன் தாய் தகப்பன் செத்ததற்குப் பிறகு முதல்தரம், தான் ஒரு அநாதை என்று நினைத்ததாக உதயகலா சொன்னாள்.

விடிய, வேறு வழியால் சுற்றிக்கொண்டு திரும்பினாள். லண்டனுக்கு வந்தாள். அது போகவில்லை. அவள் வீட்டில் இரண்டு பேருடைய மூச்சு கேட்டது. வேலைக்குப் போகிற பஸ்ஸில் சனம் நெருக்கிக்கொண்டு நிற்கும். அவளுக்குப் பக்கத்துச் சீற் வெறுமனே கிடக்கும். ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஏன் என்று அவர்களுக்கும் தெரியாது. தெருக்கரையில் நின்றால் முதுகில் ஒரு கை... தள்ளாது. சும்மா வைத்துக்கொண்டு இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி.

அப்படி எத்தனை நாளைக்கு? அவள் ஊருக்கு வந்தாள். தாரிகாவின் வீட்டுக்கு, இங்கேதான், சாவகச்சேரிக்கு. எல்லாவற்றையும் சொன்னாள். அடுத்த நாள் பின்னேரம் இரண்டு பேருமாக ஆட்டோ பிடித்துத் தெல்லிப்பழைக்குப் போனார்கள். ஆட்டோவில் தாரிகா ஒரு கரையில், உதயகலா மற்றக் கரையில். நடுவில் தாரிகாவுக்குக் குளிர்ந்ததாம். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

ஆமி பிடித்து வைத்திருந்த காணி விடுபட்ட பிறகு கட்டின புது வீடு. பூரணம் முற்றத்தில் நின்று துளசிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். முன் சுவரில் தயாளினியின் கலியாணப் படம். மாலை போட்டிருக்கவில்லை. மகள் செத்ததை ஊரில் ஒரு சனத்துக்கும் அவர் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று வாய்விட்டு அழக்கூட இல்லை. ஊருக்குத் தெரிந்தால் லண்டனுக்குத் தெரிந்துவிடும்தானே... அதற்கு முதல் நினைத்த காரியம் முடியவேண்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

படலையில் உதயகலாவைக் கண்டதும் கையில் இருந்த செம்பு விழுந்தது. ஆனாலும் வாய் பழக்கத்தை விடவில்லை.

"வா பிள்ளை. மெலிஞ்சு போனாய்... சாப்பிட்டனியோ?"

உதயகலா முற்றத்திலேயே நின்றாள்.

"ஏன் அம்மா?"

பூரணம் கீழே பார்த்தார். தண்ணீர் மண்ணுக்குள் சுவறிக்கொண்டிருந்தது.

"எனக்கு மிஞ்சினது அந்த ஒரு பேத்திதான், பிள்ளை. அவளும் போனா நான் ஆருக்கு இருக்கிறது?"

"நானும் உங்கடை பிள்ளை எண்டுதானே சொன்னனீங்கள்."

"ஓம், சொன்னனான். இப்பவும் சொல்லுவன்."

"அப்ப?"

பூரணம் முகத்தை நிமிர்த்தினார். கண்ணில் தண்ணீர் இருந்ததாம். பொய்யாய் அழவில்லை, உண்மையாகத்தான் அழுதார் என்று தாரிகா சொல்கிறாள். அழுதுகொண்டுதான் சொன்னார்.

"நீ தனி ஆள்தானேயம்மா. உனக்கெண்டு அழ ஆர் இருக்கினம்?"

தாரிகா வாயைத் திறந்தாள். 'நான் இருக்கிறன்' என்று சொல்ல. சொல்ல வரவில்லையாம். அவள் முந்தின நாள்தானே இந்தச் சகோதரியோடு ஒழுங்காகக் கதைத்திருக்கிறாள்.

உதயகலா ஏசவில்லை. மண் அள்ளித் தூற்றவில்லை. ஒரு பக்கமாகத் திரும்பினாள். யாரும் இல்லாத பக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்து தோழியை வீட்டு வாசலில் விடுகிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னாள்.

"தயா, அம்மா நிக்கிறா. நீ இரு. நான் போட்டு வாறன்."

சொல்லிவிட்டு நடந்தாள். படலையைச் சாத்தினாள். பின்னால் பூரணம், "ஆரோடை பிள்ளை கதைக்கிறாய்? பிள்ளை... உதயா... ஆரோடை கதைச்சனி?" என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோ நடுவில் இரண்டு பேருடைய தோளும் முட்டிக்கொண்டதாம். அப்போதுதான் உதயகலா அழத் தொடங்கினாள். சாவகச்சேரி வரும்வரை அழுதாள்.

அன்றிரவு, எல்லாரும் படுத்த பிறகு, உதயகலாவின் போன் அடித்தது. பூரணம். உதயகலா தனியாகக் கேட்கப் பயந்து, ஸ்பீக்கரில் போட்டாள். தாரிகா பக்கத்தில் இருந்தாள். தன் காதால் கேட்டதைத்தான் எனக்குச் சொன்னாள்.

முதலில் பூரணத்தின் குரல் வரவில்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான் வந்தது. சமையல்கட்டுப் பைப்பை ஒழுங்காகப் பூட்டாவிட்டால் சொட்டுமே... அது.

"பிள்ளை..." மெதுவாக, வாயைப் பொத்திக்கொண்டு கதைக்கிற குரல். "குசினிக்குள்ளை ஒராள் நிக்குது. சுவரைப் பாத்துக்கொண்டு நிக்குது. பொழுதுபட்டதிலையிருந்து அப்பிடியே நிக்குது."

"முகத்தைப் பாத்தனீங்களோ?"

"இல்லை. முதுகுதான் தெரியுது. அவளின்ரை சட்டைதான்... எனக்குத் தெரியும்தானே."

உதயகலா கண்ணை இறுக்கி மூடினாள். பேசாமலே போனை வைத்துவிடுவாள் என்றுதான் தாரிகா நினைத்தாள். வைக்கவில்லை.

"அம்மா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. பேர் சொல்லிக் கூப்பிட்டிடாதேங்கோ. கூப்பிட்டா அது திரும்பும்."

தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"அம்மா?"

தண்ணீர் சொட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

"கூப்பிட்டிட்டன், பிள்ளை."